தாண்டாப்பாறை

உக்காருங்க. எல்லாரும் பாறையைச் சுத்தி உக்காருங்க, மேல மட்டும் யாரும் கால் வைக்காதீங்க. நாட்டாமை வீட்டுக்காரங்க முன்னால வாங்க. ஒவ்வொரு வருசமும் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கு. மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கிற மாப்பிள்ளை, அந்தப் போனைக் கொஞ்சம் பையில போடுங்க. வருசத்துல ஒரு பொழுதுதான் நீங்க எங்க பேச்சைக் கேக்கணும். மத்த நாளு பூரா நாங்கதான உங்க பேச்சைக் கேக்கோம்.

அது ஒரு காலம். ரயிலு வராத காலம், ரோடு போடாத காலம், தீக்குச்சி கண்டுபிடிக்காம அடுத்த வீட்டுல போயி நெருப்பு வாங்கிட்டு வந்த காலம். அந்தக் காலத்துல இதே நொச்சியோடைப்பட்டியில நாப்பத்தியோரு வீடு இருந்துச்சாம். நாப்பத்தியோரு வீட்டு அழுக்கையும் வெளுக்கிறதுக்கு ஒரே ஒருத்தி இருந்தாளாம். அவ பேரு வெயிலுகந்தா. புருசன் பாம்பு கடிச்சுச் செத்துட்டான். பிள்ளை கிடையாது. கூடப்பொறந்தவ ஒருத்தி, இசக்கின்னு பேரு, மூணு ஊரு தள்ளி வாக்கப்பட்டுப் போயிருந்தா. அந்த இசக்கி வழியில வந்தவதான் நான். அதனாலதான் இந்தக் கதை சொல்ற உரிமை எனக்கு. நான் நேர்ல பாத்தனா? பாக்கல. எனக்குச் சொன்னவளுக்கு ஒருத்தி சொன்னா, அவளுக்கு இன்னொருத்தி சொன்னா. வழியில ஒரு வார்த்தை ரெண்டு வார்த்தை கூட்டியிருப்போம். ஒன்னும் குறைக்கல.

வெளுக்கிறவங்களுக்குக் குறி முக்கியம். சேங்கொட்டைப் பாலைத் தொட்டு, துணி மூலையில ஒரு அடையாளம் வைப்போம். தண்ணியில போகாது, வெயில்ல போகாது, வெள்ளாவிப் பானையில வெச்சு அவிச்சாலும் போகாது. நாட்டாமை வீட்டுக்கு ஒரு கோடு, மேல மூணு புள்ளி. பூசாரி வீட்டுக்கு ஒரு சூலம். செக்கு வீட்டுக்கு வட்டம், நடுவுல ஒரு பொட்டு. இப்படி நாப்பத்தியோரு வீட்டுக்கும் நாப்பத்தியோரு குறி. அத்தனையும் வெயிலுகந்தா தலைக்குள்ள இருந்துச்சு. அவ வீட்டுத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறியில்லாத துணி கிடந்தா அது அவளுதுன்னு அர்த்தம். இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

இன்னொன்னும் உண்டு. குறி வெச்ச மூலையைக் கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. குறின்னா அந்த வீட்டோட பேரு. பேரைக் கிழிச்சா வீடு வெளங்காதுன்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்னுச்சு. சொல்லுதேன், கேளுங்க.

அப்ப ரெண்டு பாளையத்துக்கும் சண்டை வந்துச்சாம். நாம கிழக்குப் பாளையம். அங்கிட்டு மேக்குப் பாளையம். எதுக்குச் சண்டை? மேக்குப் பாளையத்து யானை ஒன்னு சங்கிலியை அத்துக்கிட்டு வந்து நம்ம பக்கத்துக் கரும்புக்காட்டுல மேய்ஞ்சிட்டுதாம். நம்ம ஆளுங்க பிடிச்சுக் கட்டிப் போட்டுட்டாங்களாம். அவன் யானையைக் குடுன்னான். இவன் கரும்பைக் குடுன்னான். அறுவது எழுவது பேரு செத்தாங்க. யானை என்ன ஆச்சுன்னு கதையில இல்ல. அது நல்லாத்தான் இருந்திருக்கும்.

ஒரு நாளு காலம்பற, வெயிலுகந்தா கழுதை மேல பொதியைப் போட்டுக்கிட்டு ஓடைக்கு வந்தாளாம். வந்து பாத்தா, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு ஆளு கெடக்கான். தொடையில வாளு வெட்டு. முகம் பூரா சேறும் ரத்தமும். "தண்ணி, தண்ணி"ங்கான். முகத்தைப் பாத்து அவளுக்கு ஆளு தெரியல. வேட்டி மூலையைப் புரட்டிப் பாத்தாளாம். ஒரு கோடு, மூணு புள்ளி.

"அட, நம்ம நாட்டாமை மகன் சொக்கன்ல இது."

நாட்டாமை பேரு திருமலைக்கொழுந்து. ஒத்தை மகன் சொக்கன், பாளையத்துக்காக ஈட்டி தூக்கிட்டுப் போனவன். அவ பொதியை அவுத்தா. கையில வந்த துணியை எடுத்து இறுக்கிக் கட்டினா. தண்ணி குடுத்தா. நிமிந்து பாத்தா, ஓடைக்கரை நெடுக முனகல் கேக்குது. அங்க ஒருத்தன், இங்க ஒருத்தன். மொத்தம் பதினோரு பேரு.

ஓடிப்போயி மருத்துவச்சி ஆவுடையைக் கூட்டிட்டு வந்தாளாம். ஊருல எல்லாப் பிள்ளையையும் எடுத்துப் போட்டவ ஆவுடை. வந்து பாத்துட்டுக் கையை உதறிக்கிட்டு நின்னுட்டா.

"யக்கா, பொறக்குறப்ப வர்ற ரத்தம்தான் எனக்குத் தெரியும். இது எனக்குத் தெரியாதே."

"ரத்தம் ரத்தம்தானட்டி. அடைச்சா நிக்கும். நீ அந்தாளு தலையைப் பிடி, நான் காலைப் பிடிக்கேன்."

ரெண்டு பொம்பளை, ஒரு கழுதை. பதினோரு பேரையும் அந்தா குன்னு மாதிரித் தெரியுது பாருங்க கரடு, அதுல இருக்கிற புடவுக்குக் கொண்டு சேத்துட்டாங்களாம். பாறைக்கு அடியில ஆள் ஒதுங்குறாப்புல குகை, மழை விழாது, கீழ இருந்து பாத்தா தெரியாது. ஆனா மேல இருந்து பாத்தா இந்தப் பாறை நல்லாத் தெரியும். அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அன்னைக்கு மத்தியானமே நம்ம கோட்டை விழுந்துட்டுது. மேக்குப் பாளையத்துத் தளவாய் முரசு அடிச்சுச் சொல்லிட்டான். காயம்பட்டவனுக்கு எவன் சோறு குடுத்தாலும், எவன் துணி குடுத்தாலும், அவன் வீட்டை இடிச்சுத் தரைமட்டம் ஆக்குவேன்னுட்டான். ஊரு எல்லையில காவலும் போட்டுட்டான்.

வெயிலுகந்தா ஊருக் கூட்டத்துக்கு வந்தாளாம். கூட்டத்துல எங்க ஆளுங்க தள்ளித்தான் நிக்கணும். தள்ளி நின்னுக்கிட்டே சொன்னாளாம்.

"சாமி, பதினோரு பேரு கெடக்காங்க. ஒருத்தர் நம்ம சொக்கன். கட்டுறதுக்குத் துணி வேணும். வீட்டுக்கு ஒன்னு, பழசாக் குடுத்தாப் போதும். ஆனா ஒன்னு கேட்டுக்கிடுதேன். நாளைக்கு எவனாவது வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

நாட்டாமைக்குக் கண்ணுல தண்ணி. ஒத்தை மகன் உசுரோட இருக்கான்னு அப்பத்தான் தெரியுது. எந்திரிச்சாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்துத் தரையில விரிச்சாரு. துணியைப் போட்டுத் தாண்டிச் சொல்றதுதான் அன்னைக்குச் சத்தியம். அதுக்கு மேல சத்தியம் கிடையாது. பொய்யாத் தாண்டினவன் வீட்டுல பொணத்து மேல போடத் துணி இருக்காதும்பாங்க. நாட்டாமை தாண்டினாராம். தாண்டிச் சொன்னாராம்.

"எவன் கேட்டாலும் நாந்தான் குடுத்தேன்னு நான் சொல்லுவேன். ஊரு ஒனக்குப் பின்னால நிக்கும் வெயிலு. நீ பயப்படாதே."

அவரு சொன்னா ஊரே சொன்ன மாதிரி. நாப்பத்தியோரு வீட்டுலயும் துணி குடுத்தாங்க. யாரும் குடுக்காம இருக்கல. அதைச் சொல்லணும்ல, நல்லதையும் சொல்லத்தான் செய்யணும். நாட்டாமை பொண்டாட்டி வடிவம்மா பெட்டியைத் திறந்து கல்யாணக் கூறைப்புடவையை எடுத்து நீட்டினாளாம்.

"ஆத்தா, பழசு போதும் ஆத்தா. இது எதுக்கு?"

"என் பிள்ளை காலுக்குக் கட்ட இது போகாம வேற என்னத்துக்கு வெச்சிருக்கேன்? கொண்டுபோ வெயிலு."

அதுக்கப்புறம் நடந்தது தினமும் ஒரே மாதிரி. விடிஞ்சதும் வெயிலுகந்தா தெருவுல வருவா. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஒரு சத்தம் குடுப்பா. "துணி இருந்தாப் போடுங்கம்மா." அழுக்குத் துணியோட கஞ்சிக் கலயமும் வரும், மஞ்சளும் வரும், வேப்பெண்ணெயும் வரும். எல்லாத்தையும் பொதிக்குள்ள வெச்சுக் கட்டுவா. எல்லைக் காவக்காரன் வைக்கப்போரைக்கூட ஈட்டியால குத்திப் பாக்கிறவன். இவ பொதியை மட்டும் தொட மாட்டான். வீட்டு விலக்குத் துணி இருக்கும்ல அதுல. "தள்ளிப் போ, தள்ளிப் போ"ன்னு மூக்கைப் பொத்திக்கிட்டு அவன் தள்ளிப் போவானாம். அவன் மூக்குக்கு முன்னாலயே பதினோரு பேரு உசுரு தினமும் கழுதை மேல போச்சு.

ஓடையில துவைப்பா. வெள்ளாவி வைப்பா. அவிச்ச துணியை இந்தப் பாறை மேல காயப் போடுவா. காஞ்சதும் கரட்டுக்குக் கொண்டு போவா. பழைய கட்டை அவுத்து, புண்ணைக் கழுவி, மஞ்சளை அப்பி, புதுக் கட்டு போடுவாங்க ரெண்டு பேரும். எவனுக்காவது வலி தாங்காமக் கெட்ட வார்த்தை வந்தா ஆவுடை அவன் வாயில ஒரு தட்டு தட்டுவாளாம். நாலாம் நாளு ஆவுடை அசந்து போயிட்டா.

"யக்கா, புண்ணு சீழ் வைக்கலையே. வைத்தியரு கட்டினாலே மூணாம் நாளு நாறுமே."

"சீழும் அழுக்குத்தானட்டி. அழுக்கு எனக்குப் பயப்படும்."

வெள்ளாவியில அவிஞ்ச துணி. இப்ப ஆஸ்பத்திரியில அதைத்தான் மிஷின்ல வெச்சு அவிக்காங்க. எங்க வெயிலுகந்தாளுக்கு மிஷினும் தெரியாது, ஆஸ்பத்திரியும் தெரியாது. அழுக்கு தெரியும். பதினோரு பேருல ரெண்டு பேருதான் செத்தாங்க, வயித்துல குத்து வாங்கினவங்க. ஒன்பது பேரு தேறினாங்க.

ஆவுடைக்குத்தான் ஒரு விசயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சாம்.

"யக்கா, இந்தக் குறியை எல்லாம் கிழிச்சு எறிஞ்சிரு. எவன் கண்ணுலயாவது பட்டா ஊரே மாட்டிக்கிடும்."

"வாயைக் கழுவு. வீட்டுப் பேரைக் கிழிக்கச் சொல்லுதியா? குடுத்தவங்க குடும்பம் நல்லா இருக்கணும்ட்டி. புண்ணு ஆறினதும் அவங்கவங்க துணியை அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும். குறி இல்லாம எப்படிக் குடுப்பேன்?"

அதுதான் அவ செஞ்ச தப்பு. துணியைப் பட்டை பட்டையாக் கிழிச்சா. குறியை மட்டும் விட்டு விட்டுக் கிழிச்சா. உங்க வீடு நல்லா இருக்கணும்னு கிழிச்சா.

பதினஞ்சாம் நாளு. தோள்ல வெட்டு வாங்கின ஒருத்தன் வீட்டு ஞாபகம் வந்து, சொல்லாமக் கொள்ளாம இறங்கிப் போயிட்டானாம். எல்லையில பிடிச்சுட்டாங்க. அவன் வாயைத் திறக்கல, அது வரைக்கும் நல்லவன். ஆனா தோள்ல கட்டு இருக்கே. கட்டுல ஒரு சூலம் இருக்கே. தளவாய் தன்னோட வெளுக்கிற ஆளைக் கூப்பிட்டு, "இது என்னலே?"ன்னு கேட்டானாம்.

"இது குறி சாமி. வீட்டுக்கு ஒன்னு இருக்கும். வெச்சவளுக்குத்தான் எது எந்த வீடுன்னு தெரியும்."

அவனும் எங்க ஆளுதான். எங்களைக் காட்டிக் குடுக்கவும் எங்க ஆளுதான் வேண்டியிருந்துச்சு. அதையும் நான் மறைக்கல.

மறுநாளு, நல்ல வெயிலு. தளவாய் குதிரை மேல வந்துட்டான். வந்து நின்ன இடம் இதுதான். இந்தப் பாறை மேல நாப்பத்தியோரு வீட்டுத் துணியும் காயுது, எல்லாக் குறியும் மேல பாத்துக்கிட்டு. வெயிலுகந்தா பக்கத்துல நிக்கா. ஊரைக் கூட்டிட்டு வரச் சொன்னான். வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கிற இதே இடத்துல நின்னாங்க.

தளவாய் சத்தம் போடலையாம். சிரிச்சுக்கிட்டே பேசினானாம்.

"காயம்பட்டவனைத் தேடி நான் வரல. அவன் சாகட்டும், இல்ல ஓடட்டும். எனக்கு ஒன்னுதான் தெரியணும். இந்தத் துணியை யாரு குடுத்தா? குடுத்தவன் முன்னால வந்து சொல்லட்டும், அவன் வீட்டை இடிக்கேன். குடுக்கலைன்னா, இது திருட்டுத் துணி. இவ திருடி. துணியைத் தாண்டி, நான் குடுக்கலைன்னு சத்தியம் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்க. நாட்டாமை யாரு? நீரு முதல்ல வாரும்."

நாட்டாமை முன்னால வந்தாராம். வெயிலுகந்தா அவரு முகத்தையே பாத்தாளாம். அவளுக்குப் பயமே இல்லையாம் அப்ப. தாண்டிச் சத்தியம் பண்ணின மனுசன்ல. அவரு ஒருத்தரு சொன்னா மத்த நாப்பது வீடும் சொல்லும், நாப்பத்தியோரு வீட்டையும் இவனால இடிக்க முடியுமா, ஒரு ஊரையே தூக்க முடியுமான்னு அவ நெனைச்சாளாம்.

நாட்டாமை வேட்டியைத் தூக்கிப் பிடிச்சாரு. பாறையைப் பாத்தாரு. அவரு பொண்டாட்டியோட கூறைப்புடவைதான் முன்னால கெடக்கு, ஒரு கோடு, மூணு புள்ளி. அதைத் தாண்டினாரு.

"நான் குடுக்கல. திருட்டுத் துணி."

அவரு மகன் கரட்டு மேல கெடக்கான், அதே புடவையில பாதியைத் தொடையில கட்டிக்கிட்டு.

கூட்டத்துல வடிவம்மா வாயைத் திறந்தாளாம். கொழுந்தன்மாரு ரெண்டு பேரு வாயைப் பொத்தி இழுத்துட்டுப் போயி வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. அப்புறம் பூசாரி வந்தாரு, தாண்டினாரு. "நான் குடுக்கல." செக்கு வீட்டுக்காரரு வந்தாரு, தாண்டினாரு. "நான் குடுக்கல." சில பேரு அழுதுக்கிட்டே தாண்டினாங்களாம். அழுதா மட்டும் கால் நின்னுச்சா? நாப்பத்தியோரு பேரு. ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூடத் தாண்டாம நிக்கல.

தளவாய் அவ பக்கம் திரும்பினானாம்.

"பாத்தியா உன் ஊரை. இப்ப நீ சொல்லு. இந்தக் குறி எந்த வீடு, அந்தக் குறி எந்த வீடு. சொல்லிட்டேன்னா நீ உன் பாட்டுக்குப் போகலாம்."

இப்ப பாருங்க. நாப்பத்தியோரு வீடும் அவ நாக்கு நுனியில இருக்கு. ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அவ குனிஞ்சு ஒவ்வொரு துணியா எடுத்தாளாம். குறியைப் பாப்பாளாம், நிமிந்து அந்த வீட்டுக்காரன் முகத்தைப் பாப்பாளாம். துணியை மடிப்பாளாம், கீழ வைப்பாளாம். ஒவ்வொருத்தனும் தலையைக் குனிஞ்சான். எல்லாத்தையும் மடிச்சு முடிச்சா. கடைசியாக் கூறைப்புடவையைக் கையில எடுத்துக்கிட்டு நாட்டாமை பக்கம் திரும்பினாளாம்.

"யாரு வீட்டுத் துணின்னு தெரியலையே" அப்படின்னாளாம். "நாட்டாமை பொய் சொல்லுவாரா? ஊரே சேந்து பொய் சொல்லுமா? நான் திருடினதுதான்."

அவ மனசு இளகிச் சொன்னான்னு நெனைக்காதீங்க. வயிறு எரிஞ்சு சொன்னா. உங்களை எல்லாம் காப்பாத்திட்டு, அந்தக் காப்பாத்தினதாலயே உங்களைச் சுட்டா.

தளவாய்க்கு அது பொறுக்கல. அவனுக்கு ஊரு தலை குனியணும்.

"உங்க ஊருத் திருடி. உங்க ஊருத் தண்டனை. திருடின கைக்கு உங்க ஊரு வழக்கம் என்ன? நீரே சொல்லும் நாட்டாமை."

ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறோம்னு சொல்லியிருக்கலாம். வேற ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரு சொன்னது ஒரே வார்த்தை.

"கையை."

வலது கையை எடுத்துட்டாங்க. அதுக்கு மேல நான் அதைச் சொல்ல மாட்டேன். எனக்கு முன்னால சொன்னவளும் சொன்னதில்ல.

தளவாய் துணியை எல்லாம் குவிச்சுத் தீ வெச்சுட்டுப் போயிட்டான். ஊரும் போயிட்டுது. கதவைச் சாத்திக்கிட்டுது. வெயிலுகந்தா எந்திரிச்சாளாம். கட்டுறதுக்குத் துணி இல்ல. இடுப்புச் சீலையைக் கிழிக்க ஒரு கை பத்தல. அவ தெருவுக்கு வந்தாளாம். தினமும் எப்படி வருவாளோ அப்படியே வந்தாளாம். ஒவ்வொரு வாசல்லயும் நின்னாளாம்.

"துணி இருந்தாப் போடுங்கம்மா."

நாட்டாமை வாசல்ல நின்னா. "துணி இருந்தாப் போடுங்கம்மா." உள்ள வடிவம்மா கதவைக் குத்துற சத்தம் கேட்டுதாம், கதவு திறக்கல. பூசாரி வாசல்ல நின்னா. செக்கு வீட்டு வாசல்ல நின்னா. நாப்பத்தியோரு வாசல். ஒரு வாசல்ல இருந்தும் ஒரு முழத் துணி வரல.

திரும்பி வந்து இந்தப் பாறையில உக்காந்துட்டா.

மேல என்ன நடந்துச்சுன்னு ஆவுடைதான் பிறகு சொன்னாளாம். புடவுல இருந்து எல்லாம் தெரிஞ்சிருக்கு. அங்க இருந்தது எட்டுப் பேரு. சொக்கனைத் தவிர ஏழு பேருக்கும் நடக்க முடியும். ஆவுடை காலைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்கா. "இறங்கிப் போங்கலே. போயி அவ கட்டு போட்டது எங்களுக்குத்தான்னு தளவாய்கிட்டச் சொல்லுங்கலே. அவளை விட்டுருவான்." ஏழு பேரும் மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாங்களாம். "போனா செத்தோம் ஆத்தா"ன்னான் ஒருத்தன். அந்தியில கரட்டுக்கு அங்கிட்டு இறங்கிப் போனவங்கதான். ஒருத்தனும் திரும்பி வரல. அவ கட்டின கட்டோட போனாங்க.

இறங்கினது நடக்க முடியாதவன் மட்டும். சொக்கன் தவழ்ந்து தவழ்ந்து வந்திருக்கான். அவன் வந்து சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுட்டுது. ஆவுடை முன்னாலயே ஓடிவந்து தன் சீலையைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு இருந்தாளாம். சொக்கன் பாத்தான். தன் தொடைக் கட்டை அவுக்கப் போனானாம்.

"அவுக்காதலே" அப்படின்னாளாம் வெயிலுகந்தா. "அந்தப் புண்ணை ஆத்துறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

ரெண்டு பேரும் அவளைக் கழுதை மேல ஏத்திக் கரட்டுக்குக் கொண்டு போனாங்க. கட்டு போட ஆவுடை இருந்தா. ஆனா வெள்ளாவி வெச்சுத் துணியை அவிக்கத் தெரிஞ்சவ யாரு இருக்கா? ஆவுடை ஓடைத் தண்ணியில அலசிக் கட்டினா. அது பத்தல. மூணாம் நாளு சீழ் வெச்சுட்டுது. ஊருக்கெல்லாம் அழுக்கு எடுத்தவளுக்கு அழுக்கு எடுக்க ஆளில்ல. காய்ச்சல்ல கெடந்தப்ப அவ திரும்பத் திரும்ப ஒன்னுதான் சொன்னாளாம்.

"நாப்பத்தியோரு வீடுட்டி ஆவுடை. ஒரு வீடு போதும். நாந்தான் குடுத்தேன்னு ஒருத்தன் சொல்லியிருந்தா, இந்தக் கை போனது எனக்கு வலிச்சிருக்காது."

ஒன்பதாம் நாளு செத்துப்போனா.

சொக்கன் கம்பை ஊனிக்கிட்டு இசக்கி ஊருக்குப் போயி, நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு, தன் ஊருக்குத் திரும்பாம அந்த வழியாவே எங்கேயோ போயிட்டானாம். இசக்கி அழல. எங்க ஆளுங்க இருக்கிற பதினெட்டு ஊருக்கும் சொல்லி அனுப்பினா. நொச்சியோடைப்பட்டித் துணியை ஒருத்தரும் தொடக் கூடாதுன்னு. தொடல. ஒரு மாசம், ரெண்டு மாசம். அவங்கவங்க அழுக்கை அவங்கவங்க கசக்கிக்கிட்டாங்க, அது பெரிய காரியம் இல்ல. ஆனா பொண்ணு பெரியவளானா மாத்துத் துணி குடுக்க எங்க ஆளு வரணும். கல்யாணத்துல நடக்கிற பாதைக்குத் துணி விரிக்க வரணும். சாவுல பாடைக்குத் துணி போட வரணும். அதெல்லாம் நாங்க இல்லாம முடியாதுன்னு வழக்கத்தை வெச்சது நாங்களா? நீங்கதான.

நாலாம் மாசம் வடிவம்மா செத்துப்போனா. அன்னைக்கு அடைச்ச கதவுக்குப் பின்னால சரியாச் சாப்பிடாம உக்காந்தவ, எந்திரிக்கவே இல்லையாம். பாடை கட்டியாச்சு. பாடை மேல போடத் துணி இல்ல, போடுற ஆளு இல்ல. வாசல்லயே பொணம் கெடக்கு. பொய்யாத் தாண்டினவன் வீட்டுல பொணத்து மேல துணி இருக்காதும்பாங்கன்னு சொன்னேன்ல.

நாட்டாமை செருப்பில்லாம மூணு ஊரு நடந்து இசக்கி வாசலுக்கு வந்தாராம். எங்க ஆளு வீட்டு வாசல்ல ஒரு நாட்டாமை நின்னது அதுதான் முதல் தடவை.

"இசக்கி, தாயி. என் பொண்டாட்டி துணியில்லாமக் கெடக்கா."

"எங்க அக்காளும் அப்படித்தான கெடந்தா."

"என்ன வேணும்னாலும் செய்யுதேன். வீடு வேணுமா, நெலம் வேணுமா?"

"உங்க வீடு எங்களுக்கு எதுக்கு? அதைக் காப்பாத்தத்தான எங்க அக்கா கை போச்சு. அந்தப் பாறைக்கு வாங்க. நாப்பத்தியோரு வீட்டு ஆம்பளையும் வாங்க. வீட்டுக்கு ஒரு துணி கொண்டாங்க. எங்க அக்கா என்ன வார்த்தையைக் கேக்காமச் செத்தாளோ, அந்த வார்த்தையை ஊரு கேக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் துணி போடுதேன்."

வந்தாங்க. இதே பாறை. நாட்டாமை துணியை வெச்சாரு. வாயைத் திறந்தாரு, சத்தம் வரல. இசக்கி பாறைக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு அவ அக்கா சொன்னதையே சொன்னாளாம்.

"யாரு வீட்டுத் துணின்னு தெரியலையே."

ரெண்டாந்தடவை முனகினாரு. "யாரு வீட்டுத் துணின்னு தெரியலையே"ன்னா அவ. மூணாந்தடவை அந்தாளு கத்தினாராம். "நாந்தான் குடுத்தேன்." அவரு கத்தினது கரட்டுல போயி முட்டித் திரும்பி வந்துச்சாம். அதுக்குப் பிறகுதான் இசக்கி வடிவம்மாளுக்குத் துணி போடப் போனா.

அன்னையில இருந்து இந்தப் பாறைக்குத் தாண்டாப்பாறைன்னு பேரு. ஆடு மேய்க்கிறவன்கூடச் சுத்தித்தான் போவான். அன்னையில இருந்து இந்த ஊருல தரையில கெடக்கிற துணியை யாரும் தாண்டுறது இல்ல, குனிஞ்சு எடுத்து ஓரமா வெச்சுட்டுத்தான் போவோம். அன்னையில இருந்து எங்க ஆளுங்க உங்க துணிக்குக் குறி வைக்கிறதும் இல்ல. வெளுத்ததை மொத்தமாக் கொண்டுவந்து போட்டோம், உங்களுதை நீங்களே இது என்னுதுன்னு சொல்லி எடுத்துக்கிட்டீங்க. இப்ப நீங்க கொண்டு வந்திருக்கிற துணியிலயும் குறி இல்ல. குறியில்லாத துணி யாருது? அவளுது. நீங்க வெச்சுட்டுப் போனப்புறம், நாங்க இதை அவிச்சுக் காயப்போட்டு ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுக்குக் குடுத்துருவோம். அங்க வேலை பாக்கிற பிள்ளைங்களுக்கு எப்பவும் துணி தேவைப்படுது.

மாப்பிள்ளைக்குப் புதுசு, அதனால சொல்லுதேன். துணியை வெச்சு, நாந்தான் குடுத்தேன்னு மூணு தடவை சொல்லணும். முதல் ரெண்டு தடவையும் நான் தெரியலைன்னுதான் சொல்லுவேன். கோவப்படக் கூடாது. அவ நாப்பத்தியோரு வாசல்ல கேட்டா, நீங்க மூணு தடவை சொல்றதுல ஒன்னும் கொறைஞ்சு போகாது. முனகினா வாங்க மாட்டேன். கரடு கேக்கணும்.

சரி, எந்திரிங்க. துணியைக் கையில எடுத்துக்கோங்க. நாட்டாமை வீட்டுக்காரங்க முதல்ல வாங்க. அன்னைக்கும் நீங்கதான முதல்ல தாண்டினீங்க.